வலப்பக்கம் யாரும் இல்லை

மூன்று சுரம். ஒன்று மேலே, அடுத்தது இன்னும் மேலே, மூன்றாவது படி தவறிக் கீழே விழுந்தது போல. அதைத் தொடர்ந்து ஒரு பெண்குரல், அவசரமே இல்லாமல்: "உங்கள் முகம் திரையில் இல்லை."

ஐயம்பேட்டை போகிற ஷேர் ஆட்டோவில், என் முழங்காலோடு முழங்கால் இடிக்க எதிரே உட்கார்ந்திருந்த கல்லூரிப் பெண்ணின் பைக்குள்ளிருந்து வந்தது அந்தச் சத்தம். கைப்பேசியில் மாதிரித் தேர்வைத் திறந்தவள் மூட மறந்து வந்துவிட்டாள். பைக்குள் கைவிட்டுத் தேடுகிறாள். அது மறுபடி பாடுகிறது, மறுபடி சொல்கிறது. ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்து, "முகம் இங்கதான்மா இருக்குது, வேணும்னா நான் சாட்சி சொல்றேன்" என்றார். ஆட்டோ சிரித்தது. நான் மட்டும் முதுகை நிமிர்த்தி, முகத்தை நேராக வைத்துக்கொண்டேன். பழக்கம். சிலருக்குக் கோயில் மணி கேட்டால் கை தானாகக் கன்னத்துக்குப் போகுமே, அப்படி.

அந்தச் சத்தத்தோடு நான் சில வருடங்கள் குடித்தனம் நடத்தியிருக்கிறேன். ஊரின் எந்தெந்த வீட்டிலிருந்தோ தேர்வு எழுதுகிறவர்களில், எந்தெந்த முகம் கேமராவை விட்டு விலகியதாலோ, என் மேசைக் கணினியில் அது ஒலிக்கும். அடுப்பில் பால் பொங்க ஓடிய முகம், குழந்தை அழத் திரும்பிய முகம், மின்சாரம் போய் இருட்டில் கரைந்த முகம். ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து, இது தவறு, இது தவறில்லை என்று குறிப்பது என் வேலை.

ஆட்டோவை விட்டு இறங்கும்போதே ஹரியின் அழைப்பு. கல்லூரியின் இணையவழிப் பிரிவில் தொழில்நுட்பம் பார்த்த பையன். இப்போது நான் விட்டு வந்த நாற்காலியில் இருக்கிறான். இந்தப் பருவத்திலிருந்து, தேர்வைக் கண்காணிக்கும் மென்பொருளே முடிவு சொல்லிவிடுமாம். மனிதர் பார்க்கத் தேவையில்லை. புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ஒரு அறிமுகக் கூட்டம் வைத்திருக்கிறான். "பழைய அனுபவம் ஒண்ணு ரெண்டு எழுதிக் குடுங்க சார், படிச்சுக் காட்டறேன்" என்றான். அவன் குரலில் ஏதோ தயங்கியது. எந்த அனுபவத்தைக் கேட்கிறான் என்று எனக்குத் தெரியும். அதைத் தன் வாயால் சொல்ல அவனுக்குக் கூச்சம்.

சரி, எழுதுகிறேன்.

நான் வரலாறு படித்தவன், வரலாறு சொல்லிக்கொடுத்தவன். சுண்ணக்கட்டியின் தூளில் இளமை போனது. அதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கொரோனா வந்து வகுப்பறைகளைப் பூட்டியது. பூட்டு திறந்தபோது கல்லூரிக்குள் புதிதாக ஒரு பிரிவு முளைத்திருந்தது: வேலை பார்க்கிறவர்களுக்கான இணையவழிப் பட்டப்படிப்பு. தறியில் இருப்பவர்கள், ஜவுளிக் கடையில் சேலை விரித்துக் காட்டுபவர்கள், மருத்துவமனையில் ஊசி போடுபவர்கள், பஸ்ஸில் சீட்டுக் கிழிப்பவர்கள். முகங்கள் எல்லாம் தபால்தலை அளவில் என் திரைக்கு வந்தன. நான் அதற்கு ஒருங்கிணைப்பாளர் ஆனேன். யாரும் கேட்காததால் நான் கேட்டேன், கிடைத்தது.

பாடத்தின் முதல் பக்கத்தில் நாங்கள் எதிர்பார்ப்பவை இருக்கும். வாரப் பாடத்தின் பதிவைக் கேட்டுவிட வேண்டும். விவாதப் பலகையில் ஒரு கருத்து எழுத வேண்டும், பிறர் கருத்துக்கு மறுமொழி தர வேண்டும். ஒப்படைப்பு தாமதமானால் மதிப்பெண் குறையும். எல்லாம் சொந்த நடையில். முதல் பருவத்தில் விவாதப் பலகை கல்யாண வீட்டு வாசலைப் போல இருந்தது. வருகிறவர் எல்லாம் "அருமை" என்று தெளித்துவிட்டுப் போனார்கள். ஆகவே ஒரு வரி சேர்த்தேன்: "'அருமை' என்பது மறுமொழி ஆகாது." மறுநாள் எல்லோரும் "மிக அருமை" என்று எழுதினார்கள்.

தேர்வு விதிகளை எழுத உட்கார்ந்தபோதுதான் ரெஜினா மேடம் என்ன மாதிரி மனுஷி என்று தெரிந்தது. தேர்வுக் குழுவின் தலைவர். கணக்குப் பேராசிரியை. உயரம் குறைவு, குரல் அதைவிடக் குறைவு. அவர் பேசினால் அறையில் மின்விசிறியை நிறுத்திவிடுவார்கள். கையில் எப்போதும் பென்சில்தான், பேனா கிடையாது. விதி ஒவ்வொன்றையும் வாய்விட்டுப் படிப்பார். படித்துவிட்டு பென்சிலின் பின்பக்கத்தால் மேசையை மெல்லத் தட்டி ஒரே கேள்வி கேட்பார்: "இது யார் வீட்ல உக்காரும்?"

ஏதோ ஒரு பெரிய பல்கலைக்கழகத்தின் விதிகளை ஹரி அப்படியே இறக்கிக் கொண்டுவந்திருந்தான். தேர்வு எழுதுபவர் தனி அறையில், கதவை மூடிக்கொண்டு இருக்க வேண்டும் என்பது முதல் விதி. மேடம் படித்தார். தட்டினார்.

"எங்க வீட்ல இருந்தது ஒரே ரூம், ஹரி. தாமல் ஏரிக்கரை. அதுலதான் அடுப்பு, அதுலதான் ஆடு, அதுலதான் நான் பத்தாங்கிளாஸ் படிச்சது. இந்த விதிப்படி நான் ஆட்டை எங்க அனுப்பியிருப்பேன்?"

ஹரி சிரிப்பதா வேண்டாமா என்று என்னைப் பார்த்தான். அவர் சிரிக்கவில்லை. எழுதுபவர் பட்டியலை எடுத்து, தனி அறை இல்லாதவர்களுக்குக் கல்லூரிக் கணினிக் கூடத்தில் இடம் என்று எழுதினார். ஆனால் ஒரே வீட்டில் இருவர் எழுதினால் ஒருவர் வீட்டிலும் ஒருவர் கூடத்திலும் எழுத வேண்டும், சேர்ந்து உட்காரக் கூடாது. அந்த வரியையும் அவர்தான் எழுதினார். இளகிய மனசு என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். உட்கார முடியாத விதியை அழிப்பார். உட்கார்ந்துவிட்ட விதியிலிருந்து ஒரு நூல்கூட நகர மாட்டார்.

அவருக்கு இன்னொரு வழக்கம் உண்டு. விதி எழுதுகிறவர்கள் அந்த விதியில் தேர்வு எழுதியாக வேண்டும். பேராசிரியர்கள் அத்தனை பேரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை தத்தம் வீட்டில், கேமராவின் முன்னால், மாணவராக உட்கார்ந்தோம். அத்தனை பேருக்கும் சிவப்பு, அதாவது மென்பொருளின் சந்தேகக் குறி, விழுந்தது. என் தெருவில் சுவாமி புறப்பாடு. நாதஸ்வரம் ஜன்னல் வழியாக உள்ளே வந்து என் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டது. "அறையில் வேறு குரல்." ஹரியின் அம்மா சத்தமில்லாமல் காப்பியை நீட்டினார். "அறையில் வேறு கை." தாவரவியல் பேராசிரியர் வீட்டில் யாருமே இல்லை, சத்தமும் இல்லை, ஆனாலும் "அறையில் வேறு முகம்" என்று மென்பொருள் ஓயாமல் புகார் சொன்னது. கடைசியில் பார்த்தால் சுவரில் முருகன். அவர் படத்தைத் திருப்பி வைக்கப் போய், அவர் மனைவி அன்று சோறு போடவில்லை.

ரெஜினா மேடத்துக்கும் சிவப்பு. உதடு அசைந்ததாம். அவர் கணக்குப் போடும்போது உதட்டால்தான் போடுவார் என்று அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது.

ஆகவே விதிகள் மாறின. சாமி படத்தை மூட வேண்டியதில்லை, முன்கூட்டிப் படம் எடுத்து அனுப்பினால் போதும். உதடு அசைவது குற்றமில்லை. தேர்வு தொடங்கும் முன் கேமராவை எடுத்து அறையைச் சுற்றிக் காட்ட வேண்டும். தலைமுடியை ஒதுக்கி இரண்டு காதையும் காட்ட வேண்டும். விடையைத் தாளில் எழுதிப் படம் எடுத்து அனுப்ப வேண்டும். கடைசியாக, மென்பொருள் சிவப்பு போட்டால் அது சந்தேகம் மட்டுமே. மனிதர் ஒருவர் பதிவை முழுக்கப் பார்க்காமல் அது குற்றம் ஆகாது. இந்தக் கடைசி வரியை மட்டும் மேடம் பேனாவால் எழுதினார்.

இனி குமுதாவின் கதை.

குமுதாவும் வசந்தியும் ஒரே வீட்டிலிருந்து எங்கள் வரலாற்று வகுப்பில் சேர்ந்தவர்கள். குமுதா அண்ணி, வசந்தி நாத்தனார். இரண்டு பேரும் ஒரே தறியில் இருப்பவர்கள். கோர்வைச் சேலை என்றால், உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம், இரண்டையும் நெய்யும்போதே பூட்டிக்கொண்டு போக வேண்டும். ஒரு ஆளால் ஆகாது. குமுதா பலகையில் உட்கார்ந்து நெய்வாள். அவளுக்கு வலப்பக்கம், தறியின் ஓரத்தில், வசந்தி உட்கார்ந்து அந்தப் பக்கத்துக் கரைக்கு நூலைக் கொண்டு ஓடும் நாடாவைப் போடுவாள். இவள் போட்டால் அவள், அவள் போட்டால் இவள். விவாதப் பலகையிலும் அப்படித்தான். குமுதா ஒரு கருத்து எழுதினால் அடுத்த நிமிடம் வசந்தி அதை மறுத்திருப்பாள். "அண்ணி சொல்வது வழக்கம்போலப் பாதிதான் சரி" என்று ஒருமுறை எழுதியிருந்தாள். அந்த வகுப்பில் ஒழுங்கான மறுமொழி அது ஒன்றுதான்.

இறுதிப் பருவம். கடைசித் தாள், தொண்டை மண்டல வரலாறு. விதிப்படி வசந்தி கணினிக் கூடத்துக்கு வந்துவிட்டாள். குமுதா வீட்டில். வீடு என்றால் தறி நிற்கிற ஒரே கூடம். குடும்பத்தை எல்லாம் பக்கத்து வீட்டுக்கு அனுப்பியாயிற்று. உட்கார வேறு இடம் இல்லை. தறிப் பலகையிலேயே உட்கார்ந்து, பாதி நெய்த சேலையின் மேல் துணி மூடி, அதன் மேல் ஒரு பலகை வைத்து, தாளை வைத்து எழுதினாள். கைப்பேசி எதிரே தறிச் சட்டத்தில் கட்டியிருந்தது.

மாலையில் என் திரையில் அந்த மூன்று சுரம். குமுதா பெயருக்கு எதிரே சிவப்பு, ஒன்றன்கீழ் ஒன்றாக, மிளகாய்ச் சரம் தொங்குவதுபோல.

பதிவைத் திறந்தேன். குமுதா எழுதுகிறாள். உதடு அசைகிறது. எழுதி நிறுத்துகிறாள். தலை வலப்பக்கம் திரும்புகிறது. ஒரு கணம் அங்கேயே இருக்கிறாள், யாரோ பேசுவதைக் கேட்கிற முகம். லேசாகத் தலையாட்டுகிறாள். குனிந்து எழுதுகிறாள். மறுபடி திரும்புகிறாள், கேட்கிறாள், தலையாட்டுகிறாள், எழுதுகிறாள். தேர்வு முழுக்க இதேதான். வலப்பக்கம் என்ன இருக்கிறது என்பது கேமராவுக்குத் தெரியாது. தொடக்கத்தில் சுற்றிக் காட்டியபோது அங்கே யாரும் இல்லை. ஆனால் அந்தப் பக்கம்தான் வாசல் கதவு. ஒலியிலோ அடுத்த வீட்டுத் தறிச் சத்தம் நிறைந்திருக்கிறது. அதன் அடியில் யாராவது முணுமுணுத்தாலும் கேட்காது.

ஹரிக்குச் சந்தேகமே இல்லை. "கதவுக்குப் பின்னால ஒருத்தர் சொல்றார், இவங்க எழுதறாங்க. அவ்ளோதான் சார்." அதைவிட எளிமையாக யாராலும் சொல்ல முடியாது.

தண்டனையும் எளிமை. முறைகேடு என்று முடிவானால் அந்தப் பருவத்தின் எல்லாத் தாள்களும் ரத்து. அடுத்த ஆண்டும் எழுத முடியாது. குமுதாவுக்கு வேலூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் பி.எட். இடம் கிடைத்திருந்தது. வகுப்பு தொடங்குவதற்குள் தேர்ச்சிச் சான்றிதழ் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் இடம் போய்விடும். கல்யாணத்தோடு நின்ற படிப்பை இத்தனை வருடம் கழித்துக் கெஞ்சி, சண்டை போட்டு, தறியில் வேலை குறையாமல் பார்த்துக்கொண்டு முடித்திருக்கிறாள். நான் தொலைபேசியில் விஷயத்தைச் சொன்னதும் அவள் அழவில்லை, வாதாடவில்லை. "இந்த வருஷம் போச்சுன்னா சார், இன்னொரு தடவை வீட்ல கேக்க முடியாது" என்று மட்டும் சொன்னாள்.

பதிவை மறுபடி மறுபடி ஓட்டினேன். பார்த்துக்கொண்டே இருந்தால் முகம் மறைந்து தாளம் மட்டும் மிஞ்சும். அப்போதுதான் ஒன்று உறுத்தியது. காப்பி அடிக்கிறவன் விடை தெரியாதபோது திரும்புவான். கேள்வியைப் படித்ததும் திரும்புவான். குமுதா கேள்வியைப் படித்ததும் திரும்பவே இல்லை. உடனே எழுதத் தொடங்குகிறாள். ஒரு வரியை முடித்த பிறகுதான் திரும்புகிறாள். முடித்த பிறகு, ஒவ்வொரு முறையும், வலப்பக்கம் மட்டும்.

எழுந்துபோய்க் கணினிக் கூடத்தின் பதிவைக் கேட்டு வாங்கினேன். அங்கே மேற்பார்வையாளர் இருந்ததால் வசந்தியின் பதிவை யாரும் திறந்திருக்கவில்லை. வசந்திக்குக் கிடைத்த இடம் இடப்பக்க ஓரம், சுவரை ஒட்டி. இரண்டு பதிவையும் ஒரே திரையில் அருகருகே வைத்தேன், குமுதா இந்தப் பக்கம், வசந்தி அந்தப் பக்கம்.

வசந்தி எழுதுகிறாள். நிறுத்துகிறாள். தலை இடப்பக்கம் திரும்புகிறது. அங்கே வெறும் சுவர். வெள்ளையடித்த சுவரை ஒரு கணம் பார்த்து, முகத்தைச் சுளித்து, குனிந்து எழுதுகிறாள்.

ஊரின் இரண்டு மூலையில் இருந்த இரண்டு பேர். என் திரையில் இவள் வலமும் அவள் இடமும் திரும்ப, ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் ஒரு கறுப்புக் கோடு. அதன்மேல் ஒரு சேலை வளர்ந்துகொண்டிருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. கண்ணைத் துடைத்துக்கொண்டேன். திரை பார்த்துப் பார்த்துக் கண் கெட்டுக்கொண்டிருந்த காலம் அது. பின்னால் நான் விருப்ப ஓய்வு வாங்கியதே அதனால்தான். ஆனால் அன்று துடைத்தது வேறு.

விசாரணை நாள். இரண்டு பதிவையும் மேடத்துக்கு முன்பே காட்டியிருந்தேன், குமுதாவின் வாயால் கேட்ட பிறகுதான் முடிவு என்றிருந்தார். மேடத்தின் அறை. சுவரோரம் நானும் ஹரியும். மேசைக்கு எதிரே குமுதா. நல்ல சேலை கட்டி வரவில்லை. தறியில் இருக்கிற பருத்திச் சேலையோடு வந்திருந்தாள். யாரும் கூட்டி வரச் சொல்லாமலே வசந்தியும் வந்து வெளியே நடையில் நின்றாள்.

மேடம் விதிப்படி குற்றச்சாட்டை வாய்விட்டுப் படித்தார். பிறகு பென்சிலை வைத்தார்.

"யாரைப் பாத்தேம்மா?"

"யாரையும் பாக்கல மேடம்."

"தலை திரும்புதே."

"திரும்புதா?"

அவள் நிஜமாகவே கேட்டாள். ஹரி பதிவைக் காட்டினான். குமுதா தன்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதலில் பயம். பிறகு நெற்றி சுருங்கியது. பிறகு, இருக்கிற இடம் மறந்து, வெட்கப்பட்டாள்.

"அது வசந்தி உக்கார்ற பக்கம் மேடம்."

கதவுக்குப் பின்னால் கணவர் இருந்தாரா என்று ஹரி கேட்டான். இருந்தார், யாரும் உள்ளே வராமல் காவல் நின்றார் என்றாள். "அவரு சொல்லித் தர்ற ஆளா சார்? அவருக்கு ஒரு சினிமா பாட்டுகூட முழுசாத் தெரியாது."

எப்படிப் படிப்பீர்கள் என்று மேடம் கேட்டார். தனியாக உட்கார்ந்து படிக்க நேரமில்லை என்றாள். பாடத்தின் பதிவை ஒருமுறை ஓடவிட்டுக் கேட்பார்கள். பிறகு தறியிலேயே, நாடா போடப் போட, ஒருத்தி ஒரு வரி சொல்ல வேண்டும், அடுத்த வரியை மற்றவள் சொல்ல வேண்டும். தப்பாகச் சொன்னால் நாடா நிற்கும், சண்டை வரும், சண்டை முடிந்து நாடா ஓடும். மூன்று வருடப் படிப்பும் அப்படித்தான் முடிந்தது.

"அப்ப உனக்குப் பாதிதான் தெரியும்" என்றார் மேடம். குரலில் கோபம் இல்லை, கணக்கு இருந்தது. "பாதி தெரிஞ்சா பாதிக்குத்தான் மார்க். மீதிய யாரோ சொல்லியிருக்கணும்."

சந்தேகம் வந்தால் வாய்மொழித் தேர்வு வைக்கலாம் என்று ஒரு விதி இருந்தது. கேட்பவர் கேள்வியைத் தவிர வேறு எதுவும் சொல்லக் கூடாது, உதவக் கூடாது, தலையாட்டக் கூடாது. காத்திருக்கலாம். மேடம் எழுந்து, குமுதாவின் வலப்பக்கம் கிடந்த காலி நாற்காலியை நகர்த்தப் போனார். என்ன நினைத்தாரோ, அங்கேயே விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார். வினாத்தாளிலிருந்தே ஒரு கேள்வி. திருமுக்கூடல் கோயிலின் சோழர் காலக் கல்வெட்டு. அந்தக் கோயிலை ஒட்டி ஒரு கல்லூரியும் மருத்துவமனையும் நடந்திருக்கின்றன. படிக்கிற பிள்ளைகளுக்குச் சனிக்கிழமைக் குளியலுக்கு எண்ணெய் தருவது உட்படக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். அந்த மருத்துவமனையில் யார் யார் வேலை பார்த்தார்கள்?

"வைத்தியம் பாக்கறவர்" என்றாள் குமுதா. நின்றாள். தலை வலப்பக்கம் திரும்பியது. காலி நாற்காலி. ஒரு கணம். லேசாகத் தலையாட்டினாள். "மூலிகை கொண்டாறவங்க." நின்றாள், திரும்பினாள். "மருந்து காய்ச்சற பொம்பளைங்க." நின்றாள், திரும்பினாள். "தண்ணி கொண்டாறவர்."

முடிந்தது என்று கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

ஹரி மெதுவாக மூச்சு விட்டான். நான் அவள் விடைத்தாளின் படத்தை எடுத்துப் பார்த்தேன். ஒன்று விட்டு ஒன்று விட்டிருந்தாள். எழுத்துத் தேர்வில் முழுப் பட்டியலும் இருந்தது. இங்கே பாதிதான் வந்திருக்கிறது. அப்படியானால் அந்தப் பாதி?

மேடம் காத்திருந்தார். விதி அதற்கு மட்டும்தான் அனுமதித்தது, அதை முழுக்க எடுத்துக்கொண்டார். அறையில் மின்விசிறிகூட ஓடவில்லை. கடைசியில் கேள்வியாகவே கேட்டார்:

"நடுவுல உள்ளவங்க யாரு?"

குமுதா புரியாமல் பார்த்தாள். "அது வசந்தி சொல்றது மேடம். சொன்னாளே. எனக்குக் கேட்டுச்சே."



"நீ கேட்டதை நாங்க கேக்கலம்மா" என்றார் மேடம். "கேட்டது என்ன?"

குமுதா ஒரு தடவை கதவைப் பார்த்தாள். பிறகு, வேறு வழியில்லை என்பதுபோல, தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தாள். தன் வரியைத் தன் குரலில் சொன்னாள். அடுத்த வரிக்கு அவள் குரல் மாறியது. மூக்கால் வந்தது, வேகமாக, கொஞ்சம் அலட்சியமாக. வைத்தியம் பார்ப்பவருக்கு அடுத்து அறுத்துக் கட்டுபவர் வந்தார். மூலிகைக்கு அடுத்து விறகு வந்தது, "மூலிகைய பச்சையாவா தின்னுவாங்க அண்ணி, அடுப்பெரிக்க விறகு வேணாமா" என்ற அதட்டலோடு. மருந்து காய்ச்சும் பெண்களுக்கு அடுத்து அந்த மூக்குக் குரல் சொன்னது:

"சவரம் பண்றவர் ஒருத்தர். எங்க அண்ணனையும் அப்பவே அங்க அனுப்பியிருக்கலாம், தாடியப் பாரு."

முதலில் சிரித்தது ஹரிதான். அடக்கப் பார்த்து, முடியாமல், முகத்தைத் திருப்பிக்கொண்டான். எந்தக் கதவுக்குப் பின்னால் எந்த ஆள் நின்றாலும் அந்த வரியைச் சொல்லிக்கொடுத்திருக்க முடியாது. அந்தக் குரல் அவளுக்குள் இருந்தது. அவளுக்குத் தெரிந்ததில் பாதி அந்தக் குரலில் தெரிந்திருந்தது.

மேடம் சிரிக்கவில்லை. மற்றத் தாள்களின் பாடத்திலிருந்தும் கேட்டார், ஒவ்வொன்றிலும் இரண்டு குரலும் வந்தன. முடிந்ததும், ஹரியிடம் உன் முடிவு என்ன என்று முறைப்படி கேட்டார். ஹரி எழுந்து நின்றே சொன்னான்: "சிவப்பை எடுத்துடலாம் மேடம்." என்னிடம் கேட்டார். நானும் சொன்னேன். மூன்றாவதாகத் தன் முடிவை எழுதினார், பேனாவால்.

ஆனால் விடவில்லை. குமுதா கும்பிட்டுவிட்டு எழுந்தபோது, "உக்காரு" என்றார். பிள்ளைகளுக்குச் சொல்லித் தரப் போகிறவள், வகுப்பில் நின்று ஒரு வரி சொல்லிவிட்டு வலப்பக்கம் பார்த்துக் காத்திருந்தால் பிள்ளைகள் என்ன செய்யும் என்று கேட்டார். குமுதா யோசித்தாள். "அடுத்த வரியை அதுங்க சொல்லட்டும் மேடம்" என்றாள். அன்றைக்கு அப்போதுதான் மேடத்தின் உதடு கொஞ்சம் அசைந்தது. கணக்குப் போட்டாரா சிரித்தாரா, தெரியாது.

நடையில் வசந்தி. உள்ளே பேசியது அத்தனையும் கேட்டிருக்கிறது. "நாலு பேர் எதிர்ல என்ன மூக்கால பேச வெச்சியே, நான் அப்படியா பேசறேன்?" என்று மூக்கால் கேட்டாள்.

ஹரி, உன் கூட்டத்தில் படிக்க நான் எழுதித் தருவது இவ்வளவுதான். மென்பொருள் நன்றாகப் பார்க்கிறது. என் கண்ணைவிட நன்றாக. தலை திரும்பியதை அதுதான் முதலில் கண்டது. திரும்பியது எழுதும் முன்பா, எழுதிய பின்பா என்று அது கேட்கவில்லை. அந்தக் கேள்விக்காகத்தான் அங்கே ஒரு நாற்காலி போட்டு என்னை உட்காரவைத்திருந்தார்கள். இப்போது அந்த நாற்காலியில் நீ இருக்கிறாய். எடுத்துவிடாதே. ரெஜினா மேடம் ஓய்வு பெற்றுத் தாமலுக்கே போய்விட்டார். இருந்திருந்தால் பென்சிலைத் தட்டி உன்னிடம் என்ன கேட்பார் என்பது உனக்கே தெரியும்.

குமுதாவைக் கடைசியாகப் பார்த்தது, சான்றிதழ் வாங்க வந்த அன்று. அங்கிருந்தே வேலூர் பஸ் ஏறுகிறாள். இனி விடுதி, ஞாயிற்றுக்கிழமைதான் வீடு. பெட்டியைத் தூக்கிக்கொண்டு வசந்தியும் வந்திருந்தாள். அவளுக்கு ஒரு தாள் பாக்கி, அந்தத் தொண்டை மண்டலத் தாள்தான். சுவர் அவளுக்குச் சரியாகச் சொல்லவில்லை. தறியில் இனி அவள் அண்ணியின் பலகைக்கு மாற வேண்டும், வலப்பக்கம் அண்ணனை உட்காரவைத்துப் பழக்க வேண்டும். அதைப் பற்றி இரண்டு பேரும் பஸ் நிலையம் வரை சண்டை போட்டுக்கொண்டே வந்தார்கள். என் பஸ்ஸும் அங்கேதான். நானும் கூட நடந்தேன்.

குமுதா ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். வசந்தி கீழே நின்று, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். சண்டை தீர்ந்துபோயிருந்தது. இவள் அவளைப் பார்க்க, அவள் இவளைப் பார்க்க, நடுவில் கம்பி. ஓட்டுநர் வண்டியைக் கிளப்பினார். குமுதா ஏதோ சொல்ல வாயெடுத்தாள், வரவில்லை. அடுத்த வரி எப்போதும்போல வசந்தியுடையதாயிற்று. வண்டியோடு இரண்டு எட்டு நடந்தபடி சொன்னாள்:

"அங்க பரீட்சையில வலப்பக்கம் எவளாவது உக்காந்திருப்பா அண்ணி. அவளப் பாக்காத. அவ தப்பா சொல்லுவா."